மறைக்காத ஜெராக்ஸ் கடை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

வக்கீல் நிறுவனத்து நேர்காணலுக்குப் போய்வந்தேன். ஜெராக்ஸ் கடையில் மூன்று வருடம் வேலை பார்த்ததை விண்ணப்பத்தில் எழுதாதே என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். எழுதினேன். ஆள் எடுக்கும் மூத்த வக்கீல் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஜெராக்ஸ் போட இங்க ஆள் இருக்கும்மா. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் படிக்கிற வக்கீல்தான் வேணும்."

பிறகு ஒரு பழைய ஒப்பந்தத்தைக் கொடுத்து, கோளாறு எங்கே என்று கேட்டார். நான் முதலில் தாள்களைத்தான் பார்த்தேன்.

"நாலாம் பக்கம் அப்புறமா செருகினது சார். மத்த தாள்லயெல்லாம் ஸ்டேப்ளரைப் பிரிச்சு ரெண்டாந்தடவை குத்தின தடம் இருக்கு. இதுல ஒரு தடவை குத்தினதுதான்."

சிரிப்பு நின்றது. "இதை எந்த காலேஜ்ல சொல்லிக்குடுத்தாங்க?"

"நீங்க பார்த்துச் சிரிச்சீங்களே சார், அந்த ஜெராக்ஸ் கடையில."

வேலை கிடைக்குமோ என்னவோ. வாய்க்கொழுப்பு என்று திட்டுவாய், திட்டிக்கொள். அடுத்த இடத்திலும் அதைத்தான் எழுதுவேன்.

என் வக்கீல் கோட்டில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டது. உன் தையல் டப்பாவிலிருந்து கறுப்பாக ஒன்று அனுப்பு. இங்கே கடையில் கிடைக்காமல் இல்லை. இருந்தாலும் நீயே அனுப்பு.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் அடங்காத மகள்