பத்துப் பேர் சேராத ஆட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் நலம்தான்.

எங்கள் இணைய விளையாட்டு வெளியாகி மூன்று வாரமாகிறது. முதல் நாள் கூட்டத்தில் சர்வர் படுத்துவிட, காத்திருந்தவர்கள் சலித்துப் போய்விட்டார்கள். பத்துப் பேர் சேர்ந்தால்தான் ஆட்டம் தொடங்கும். இப்போது வருகிறவர்களும் ஆள் சேராமல் கிளம்பிவிடுகிறார்கள். இன்று காலை ஊழியர்களான எங்கள் ஒன்பது பேரையே விளையாடச் சொன்னார் மேலாளர். பத்தாவதாக வெளியிலிருந்து வந்தவர், "அப்பாடா, ஆள் இருக்கீங்க! நாளைக்கும் வருவீங்கல்ல?" என்று எழுதினார். "வருவோம்" என்று தட்டினேன்.

பிறகு மேலாளர் ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டார். பக்கத்து இருக்கை அண்ணன் திரும்பி வந்து பையை எடுத்தார்.

"என்னண்ணே?"

"வேலை போச்சுப்பா."

கை கொஞ்சம் சில்லிட்டிருக்கிறது, ஏசி அதிகம். என் சான்றிதழ்களை போட்டோ எடுத்து அனுப்புங்கள், சும்மாதான். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். என்னைக் கூப்பிடுகிறார்கள் அப்பா, போய்விட்டு வருகிறேன்.