வலப்பக்கம் இரண்டு விரல்

அன்புள்ள சுடலை,

சுடலைமுத்து என்று முழுசாகக் கூப்பிட்டால் நீ திரும்பிப் பார்க்கமாட்டாய். அதனால் இப்படியே.

படகு மாடியில்தான் இருக்கிறது. பிள்ளைப்பாக்கத்தில் அதே வீடு, அதே மாடி அறை. மரக்கூடு முடிந்துவிட்டது. கேன்வாஸ் துணி போர்த்துவது மட்டும் பாக்கி. அதை நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா வந்திருந்தார். உன் வருஷத் திதி முடிந்துவிட்டது, உன் பெட்டியை எடுத்துப்போக வேண்டும் என்று. அவரிடம் உன் கையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டியிருந்தது. சொன்னால் என்னை 'எய்யா' என்று மகனைப்போலக் கூப்பிடும் ஒருவரை இழப்பேன். சொல்லாவிட்டால், நீ கவனமில்லாத பிள்ளை என்றே அவர் கடைசிவரை நம்பிக்கொண்டிருப்பார்.

முதலில் படகைச் சொல்கிறேன். அதிலிருந்துதான் எனக்கு வழி வந்தது.

சுங்குவார்சத்திரத்து நெட் சென்டரிலிருந்து நீ கொண்டுவந்த நான்கு தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பனிக்கடல் ஓர மனிதர்கள் மரக்கூடு கட்டி, தோல் போர்த்தி ஓட்டும் கயாக். ஒருவர் மட்டும் கால் நீட்டி உட்காரும் ஒல்லிப் படகு. ஆணி கிடையாது, எல்லாம் கயிற்றுக்கட்டு. உன்னைப் பிடித்துக்கொண்டது அது இல்லை. அளவு. ஓட்டப்போகிறவனின் உடம்புதான் அளவுகோல். நீளத்துக்கு, விரித்த கைகளின் அகலம் மூன்று தடவை. அகலத்துக்கு, நடுக்கோட்டில் உட்கார்ந்து இடுப்புக்கு இரண்டு புறமும் ஒவ்வொரு முஷ்டி.

"ஏலே வாத்தியாரே, டிராயிங்கே கெடையாதாம்லே. ஆளுதான் டிராயிங்கு!"

நான் கல்லூரியில் வரலாறு படித்தவன் என்பதால் உனக்கு வாத்தியார். கம்பெனியில் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ்ஸில் வேலை பார்க்க வரலாறு தடையாக இருக்கவில்லை.

நீ அப்போது பிரஸ்ஸில் இல்லை. விபத்துக்குப் பிறகு உன்னைச் சோதனை மேசைக்கு மாற்றியிருந்தார்கள். நாளெல்லாம் அளவு பார்க்கும் கேஜை வைத்துப் பார்த்து, ஒரு முடி அளவு பிசகினாலும் தகட்டைச் சிவப்புப் பெட்டியில் போடுகிற வேலை. அப்படிப்பட்டவன் ஷிப்ட் முடிந்து வந்து, அளவுநாடா இல்லாமல் ஒரு படகு கட்டினான்.

இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளை உடைத்த பைன் மரம் நீளச் சட்டங்களுக்கு. மூங்கில் பிளாச்சு விலாக்களுக்கு. இட்லிப் பானையின் ஆவியில் வைத்து வைத்து வளைத்தோம். எத்தனை முறிந்தன?

வீட்டுக்காரர் எத்திராஜ் துணி காயப்போட வருவதுபோல வந்து நிற்பார்.

"இன்னாபா, ஏரில முழங்கால் தண்ணிதான் கீது. நீ கப்பல் கட்டிக்கினு கீற?"

"மழை வரும் அண்ணாச்சி."

"வந்தா? ரெண்டு மீனாவது புடிக்க முடியுமா இதுல?"

"மீன் தெரியாது. ஒங்கள வேணா வச்சு வெள்ளன சுத்திக் காட்டுதேன்."

"வெள்ளனவா? காலைலனு சொல்லேன். இன்னா பாஷைடா இது!" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப்போவார்.

மழை வந்தது. உனக்குக் காய்ச்சலும். ஐந்தே நாள், போய்விட்டாய். அதற்குப் பிறகு எத்திராஜ் மாடிக்கு வருவதில்லை. மூங்கிலும் கயிறுமாக ஓர் ஆள் நீளத்துக்கு மேல் ஒன்று கிடந்தால், அவருக்கு எதைப் போலத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எடுத்துவிடு என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

நான்தான் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். பல மாதம்.

திதி நெருங்கியபோது திறந்தேன். அம்மா வருவதற்குள் முடித்துவிட நினைத்தேன். முனையில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், நடுவில் வலப்பக்கம் ஒடுங்கியிருந்தது. கட்டு தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். வலப்பக்கக் கட்டுகளை அறுத்தேன். நடு விலாக்கள் நான்கையும் கழற்றிவிட்டு, இடப்பக்கத்துக்குச் சமமாகப் புதிதாக நான்கு வளைத்துக் கட்டினேன். நேராகிவிட்டது. அழகாக இருந்தது. உள்ளே உட்கார்ந்து, உன் தாளில் இருந்தபடி சரிபார்த்தேன். இடது முஷ்டி சரியாக நின்றது. வலது முஷ்டியும்.

என் வலது முஷ்டி.

கழற்றிய விலாவைப் புதியதன் மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் குறைவு. எந்த இரண்டு என்று எனக்குத் தெரியும்.

நீ அளந்தது உன் கையால். இருக்கிற கையால். தெரிந்துதான் அளந்தாயா சுடலை? சிவப்புப் பெட்டிக்காரனான உனக்கு அது கண்ணில் படாமல் இருந்திருக்குமா?

அந்தக் கையை நான் திருத்தியது இது இரண்டாவது தடவை.

முதல் தடவை ஒரு காகிதத்தில். கை உள்ளே மாட்டாமல் இருக்க, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கவேண்டும். "ரெண்டையும் அமுக்கிக்கினு இருந்தா டார்கெட் எப்போபா முடியும்? ஒண்ணுல சக்கை வெச்சுடு" என்றார் சூப்பர்வைசர். பட்டன் அமுங்கியே இருக்கும்படி லைன் முழுக்க மரச் சக்கை செருகினோம். என் பட்டனிலும் சக்கை இருந்தது. போனது உன் விரல்கள். சக்கையை நீயாகவே வைத்தாய், கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டுவந்தார்கள். பக்கத்து பிரஸ்ஸில் நின்றவன் என்று சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார்கள். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்க இருந்தார்கள். போட்டேன். ஆக்கினார்கள்.

உனக்கு ஒரு நகல் கொடுத்தார்கள். கட்டுப்போட்ட கையோடு படித்தாய். "கையெழுத்து நல்லா இருக்குலே வாத்தியாரே" என்றாய். அவ்வளவுதான். பிறகு ஒருநாளும் அதைப் பேசவில்லை. அது கோபமா, கேலியா, மன்னிப்பா? சோற்றைப் பிசையத் தெரியாமல் நீ இடது கையால் உருட்டும்போதெல்லாம் கேட்க நினைத்தேன்.

புதிய விலாக்களை அறுத்தெடுத்தேன். பழையதைத் திரும்பக் கட்டினேன். மூன்று மாலைகள் ஆயின.

அம்மா மாடிக்கு வந்தார். சட்டத்தைக் கையால் தடவிக்கொண்டே நடந்தார். நடுவில் நின்றார்.

"இது ஏன் எய்யா ஒரு பக்கம் ஒடுங்கிருக்கு?" நான் வாய் திறப்பதற்குள் அவரே பதிலும் சொன்னார். "அவம் செஞ்சதுதான? என்னைக்கு சூதானமா ஒண்ணு செஞ்சான். கையவே பறிகொடுத்தவம்."

"இல்லம்மா. அது அவன் தப்பில்ல."

சொன்னேன். சக்கை, டார்கெட், காகிதம், என் கையெழுத்து. நின்றுகொண்டேதான் கேட்டார்.

"நீ அங்கனயா இருந்த?"

"பக்கத்து மிஷின்ல."

"அந்தக் காயிதம் அவனுக்குத் தெரியுமா?"

"படிச்சான்மா."

ஒடுங்கிய பக்கத்தில் கையை வைத்தார்.

"பொறவு எதுக்கு உங்கூட ஒரே ரூம்ல கெடந்தான்?"

அதற்குப் பதில் உன்னிடம்தான் இருந்திருக்கும்.

அழவில்லை. திட்டவில்லை. வைத்திருந்த டீயைத் தொடவில்லை. பெட்டியை என்னைத் தூக்கவிடவில்லை. பஸ் ஸ்டாப்வரை இரண்டடி தள்ளியே பின்னால் நடந்தேன். பஸ் வருகிற நேரத்தில்தான் பேசினார்.

"அவுக அப்பா இன்னும் அவன ஏசிக்கிட்டுதான் இருக்காரு. சூதானங்கெட்ட பயன்னு. செத்த பொறவும். நான் சொன்னா நம்பமாட்டாரு. நீங்க வந்து சொல்லிருங்க."

நீங்க. எத்தனை முறை 'எய்யா, சாப்ட்டியா' என்று போனில் கேட்டவர். ஏறி உட்கார்ந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு வருகிறேன் சுடலை. அப்பாவின் எதிரில் நின்று சொல்வேன். நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு தாளையும் அவர் கையில் கொடுப்பேன். அவர் அதை வைத்து என்ன செய்தாலும் சரி, இங்கே கம்பெனியில் என்னை என்ன செய்தாலும் சரி. அதற்குப் பிறகுதான் படகுக்குத் துணி போர்த்துவேன். போர்த்திவிட்டால் விலாக்கள் வெளியே தெரியாது. முதலில் தெரியவேண்டியவர்களுக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மாவுக்கு இனி என்ன முறை என்று தெரியாத,
உன் வாத்தியார்.