அணைத்த தீ

அன்புள்ள அத்தைக்கு, நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை மூடிவிட்டார்கள். பயப்படாதீர்கள், கேன்டீனில் எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேலை உண்டு. நகரத்துக்கு நடுவே ஐம்பது வருஷமாக எரிந்த புகைபோக்கித் தீயை நேற்று அணைத்தார்கள். தெருவெல்லாம் கூட்டம். ஆலை மேனேஜர் தேம்பித் தேம்பி அழுதார்.

"பொண்டாட்டி செத்தப்பகூட இந்த மனுஷன் அழலைக்கா" என்றார் சமையல்காரர். சிரித்துவிட்டேன்.

ஆனால் அந்தத் தீயின் மேல் எனக்கு ஒரே பொறாமை, அத்தை. உங்கள் மகன் அங்கே விழுந்து செத்த அன்று அதை ஒரு நிமிஷம்கூட அணைக்கவில்லை. மேனேஜரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

வீட்டுக் கூடத்தில் இருக்கும் உங்கள் மகனுடைய பெரிய போட்டோவை உடனே அனுப்பிவையுங்கள். கேன்டீனில் மேனேஜர் சாப்பிடும் மேசைக்கு நேர் எதிரே மாட்டப் போகிறேன்.

பஸ் வந்துவிட்டது. மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் மருமகள்