பள்ளிக்கூடமா ஃபேக்டரியா

ஜூலை 8, திங்கள்

தீயணைப்பு அலுவலர் புகழேந்தி இன்று வந்தார். வாசலில் நின்றபடியே, "இது இன்னா எடம்மா?" என்றார்.

அவ்வளவு பெரிய போர்டு மாட்டியிருக்கிறேன் - பெண்கள் தச்சுப் பயிற்சிக் கூடம், ஆம்பூர். அதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறார். பள்ளிக்கூடம் சார் என்றேன். உள்ளே ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. "மெஷின் ஓடுதே, அப்ப ஃபேக்டரி?" இரண்டடி நகர்ந்தார். மூலையில் பலகை அடுக்கியிருந்தது. "இங்க பாத்தா குடோன் கணக்கா இருக்குது."

மனிதர் கெட்டவர் இல்லை. பொறுமையாக விளக்கினார். கட்டடம் எந்த வகை என்று முதலில் எழுத வேண்டுமாம். பள்ளிக்கூடம் என்றால் எங்கள் ஷெட்டுக்குத் தீயணைப்பானும் மணல் வாளியும் இரண்டு வழியும் போதும். மரம் அறுக்கிற ஃபேக்டரி என்றால் கூரை முழுக்க ஸ்ப்ரிங்க்ளர் - சூடு ஏறினால் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் - அதற்கொரு பெரிய தொட்டி, பம்பு. இன்னொரு தடவை வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு.

அவர் சான்று தராவிட்டால் கூடத்தை மூட வேண்டியதுதான். இங்கே படிக்கிற அத்தனை பேரும் மூடிப்போன ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். நான் அங்கே சூப்பர்வைசர். டார்கெட் டார்கெட் என்று கத்தியே தொண்டை போனது. இனி யாரையும் விரட்டக் கூடாது என்றுதான் இதை ஆரம்பித்தேன். இது பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம்தான்.

ஜூலை 10

ஸ்ப்ரிங்க்ளர் கம்பெனி ஆள் வேலூரிலிருந்து வந்து அளந்தார். வகுப்பு நடக்கிற இடத்தில்தான் தொட்டி வருமாம். அப்போது வகுப்பு? "தொட்டி மேல உக்கார வெச்சிடுங்க மேடம். ஸ்லாப்பு தாங்கும்."

ஜூலை 11

தச்சு மாஸ்டர் காசிநாதனுக்கு நெருப்பைவிடத் தண்ணீர்மேல்தான் பயம். "நெருப்புன்னா ஒரே நாள்ல போயிடும் மேடம். தண்ணி பட்டா கதவு உப்பிக்கும். மூடுற ஒவ்வொரு தடவையும் என்னத்தான் திட்டுவாங்க."

இவரிடம் யோசனை கேட்ட என்னைச் சொல்ல வேண்டும்.

ஜூலை 15

பள்ளிக்கூடம் போலவே காட்டிவிடுவது என்று முடிவு. கரும்பலகை வாங்கியாயிற்று. மணியும் வாங்கியாயிற்று. பெஞ்சு? கடையில் இருந்ததெல்லாம் குழந்தைகள் பெஞ்சு. இங்கே படிக்கிற ஹலீமா பீ ஒன்றில் உட்கார்ந்து பார்த்தார். எழ முடியவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்தோம்.

நாமே செய்துவிடலாம் என்றார் மாஸ்டர்.

ஜூலை 19

ஃபேக்டரி இல்லை என்று காட்டப் பெஞ்சு. பெஞ்சுக்காக இந்த வாரம் முழுக்க மெஷின் நிற்காமல் ஓடுகிறது. மரத்தூள் கணுக்கால் வரை. மதியம் யாரோ "சீக்கிரம், சீக்கிரம், கை ஓடட்டும்" என்று கத்துவது கேட்டது. நான்தான். சே.

ஜூலை 23

வியாழக்கிழமை ஆபீசர் வருகிறார், பயப்படாமல் பேசுங்கள் என்று பெண்களிடம் சொன்னேன். ஹலீமா பீ எல்லோருக்கும் மூத்தவர், எல்லோரும் ஆபா - அக்கா - என்று கூப்பிடுகிறவர், ஷூ தைத்தே தலை நரைத்தவர். "ஆடிட்டா? பேஜார் ஆவாத பானு. நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது.

ஜூலை 25, வியாழன்

எல்லாம் போச்சு.

முதலில் நன்றாகத்தான் போனது. ரம்பத்துக்குப் போர்வை போர்த்தியிருந்தோம். மாஸ்டர் கரும்பலகையில் கதவு படம் வரைந்துகொண்டிருந்தார். புகழேந்தி சார் முகத்தில் சிரிப்பே வந்துவிட்டது. ஹலீமா பீயிடம் போய், "இங்க இன்னா பண்றீங்கம்மா?" என்று சும்மா கேட்டார்.

ஹலீமா பீ எழுந்தார். மாஸ்க்கை மேலே இழுத்தார். கையைக் கட்டினார்.

"எட்டு மணி நேரம் வேல சார். ஓவர்டைம் கெடயாது. ஏழாந்தேதி சம்பளம் பேங்க்ல வந்துடும். பதினெட்டு வயசுக்குக் கீழ யாரும் இல்ல."

பின்னால் இருந்தவள்: "கேண்டீன் சாப்பாடு நல்லா இருக்கும் சார்." எங்களுக்குக் கேண்டீனே இல்லை! இன்னொருத்தி: "பாத்ரூம் போறதுக்கு டோக்கன் கெடயாது."

மணியை அடித்து வகுப்பை முடித்துவிடலாம் என்று அடித்தேன். அவ்வளவுதான். அத்தனை பேரும் இரண்டு வரிசையாக, தள்ளாமல் ஓடாமல் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று எண்ணிக்கை சொன்னார்கள். ஃபயர் டிரில்! மாஸ்டர் மட்டும் சாக்பீசோடு உள்ளே நின்றார்.

"நான் எத்தினியோ ஸ்கூலு பாத்துட்டேன்மா. ஒண்ணுலயும் இப்பிடி வெளிய வர்ல," என்றார் புகழேந்தி சார். "இது ஃபேக்டரிதான்."

இந்த ஊரில் ஆடிட் என்றால் என்னவென்று நான் எப்படி மறந்தேன்? வெளிநாட்டு ஷூ கம்பெனியின் ஆள் வருகிறார் என்றால் முதல் நாளே தரை கழுவி, பசை டின்னை ஒளித்து, ஆளாளுக்குப் பதிலை மனப்பாடம் செய்ய வைத்து, மணி அடித்தால் வரிசையாக வெளியேறவும் பழக்குவார்கள். அதெல்லாம் அப்படியே வந்துவிட்டது.

ஜூலை 26

ஆத்திரம் தாங்காமல் கத்திவிட்டேன். ஹலீமா பீ நிதானமாகச் சொன்னார்: "சட்டய இன் பண்ணிக்கினு ஒருத்தர் கேள்வி கேட்டா வாய் தானா சொல்லுது பானு. நான் இன்னா பண்றது?"

அழுகைதான் வந்தது.

ஜூலை 29

வெட்கத்தை விட்டுப் புகழேந்தி சார் ஆபீசுக்குப் போய் ஆடிட் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். பிறகு வழியும் அவரே சொன்னார். நடுவில் செங்கல் சுவர் எழுப்பி மெஷினை எல்லாம் ஒரு பக்கம் தள்ளிவிட வேண்டும். ஸ்ப்ரிங்க்ளர் அந்த அறைக்கு மட்டும். இந்த ஷெட் முன்பு தோல் பதனிடும் ஷாப்பாக இருந்ததால் மேலே இருக்கிற பழைய தொட்டியே போதுமாம். மீதி இடம் பள்ளிக்கூடம்.

"திரும்பி வந்து பாக்கறேன். இந்த தபா யாருக்கும் ஒண்ணும் சொல்லிக்குடுக்காதீங்க."

ஆகஸ்ட் 14

சுவர் எழும்பிவிட்டது. சுவரில் வைக்கிற கதவு நெருப்பு தாங்க வேண்டுமாம். கதவு செய்யக் கற்றுத்தருகிற இடத்துக்கு இரும்பில் ஒரு கதவு விலைக்கு வாங்கினோம். மாஸ்டர் அதன் முகத்தில் விழிப்பதில்லை.

ஆகஸ்ட் 28

நாளை புகழேந்தி சார் வருகிறார். உண்மையை மட்டும் சொல்லுங்கள் என்றேன். ஹலீமா பீ யோசித்தார். "எந்த உண்ம? அதயும் சொல்லிக்குடுத்துடு."

ஆகஸ்ட் 29, வியாழன்

அதே கேள்வி. "இங்க இன்னா பண்றீங்கம்மா?"

ஹலீமா பீ என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"கதவு செய்யக் கத்துக்கறேன் சார். இன்னும் சரியா வர்ல. கோணிக்குது."

உயிர் வந்தது. அதோடு நிறுத்தினாரா? பின்பக்க வழியில் பெஞ்சு அடுக்கி அடைத்திருப்பது. மரத்தூளை வாரம் ஒரு தடவைதான் அள்ளுவது. பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லாதது. மாஸ்டர் பலகை அடுக்குக்குப் பின்னால் பீடி பிடிப்பது. ஒன்று விடாமல் சொன்னார். "பானு ஜாஸ்தி கத்துறா சார்." மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு முன்னாலேயே! புகழேந்தி சார் எழுதி எழுதி அடுத்த பக்கம் திருப்பினார்.

கடைசியில் என்னிடம் வந்தார். வழியை இப்போதே திற, தூளைத் தினமும் அள்ளு, பீடி நாளையிலிருந்து இல்லை. "வகை, பள்ளிக்கூடம். மெஷின் ரூமு தனி. சான்று குடுத்துடறேன். ஃபேக்டரில எவன்மா இவ்ளோ கொற சொல்லுவான்?"

சந்தோஷம்தான். ஆனாலும் கொதித்துக்கொண்டு வந்தது. நான் ஜாஸ்தி கத்துகிறேனாமா?

ஆகஸ்ட் 30

கம்பெனியில் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை அதிகம் பேசினவளுக்கு மறுநாள் கேட்டிலேயே வருகைக் கார்டு இருக்காது, வேலை போச்சு. அந்தப் பயத்தில் இன்று எத்தனை பேர் வராமல் நிற்பார்களோ என்று எட்டு மணியிலிருந்து வாசலில் நின்றேன்.

எல்லோரும் வந்தார்கள். சிரித்துப் பேசிக்கொண்டு, என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். ஹலீமா பீ மட்டும் நின்றார்.

"தாழ்ப்பாள் போட்டாச்சா?"

"தச்சு வேலதான கத்துக்கறீங்க ஆபா, நீங்களே போட்டுடுங்களேன்."

"நான் ஸ்டூடண்டு. அது மேனேஜ்மெண்டு வேல."

கடைக்குப் போய்த் தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். நான்தான் போட்டேன். கொஞ்சம் கோணல்.