நீ பிறந்தது புரட்டாசியில்

உன் கருமாதிப் பத்திரிகை இன்று தபாலில் வந்தது. உன் பெரியப்பா பெயரில் அழைப்பு. உன் பெயருக்குக் கீழே, 'தோற்றம்: சித்திரை மாதம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். மஞ்சள் காமாலையில் நீ போனபோது அழுது தீர்த்தவள், இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். செத்த பிறகுமா உன்னை அந்த மாதத்தில் பிறக்க வைப்பார்கள்?

இலுப்பூர் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, நாம் ஒரே அறையில் குடியிருந்த காலம் அது. பொன்னமராவதியிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் வாத்தியார், பயிற்சிப் பள்ளி நாளிலிருந்தே நீ மனசில் வைத்திருந்த ஆள். துணைக்கு என்னையும் உன் ஊருக்குக் கூட்டிப் போயிருந்தாய். எல்லாம் கூடிவந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு எதுல பொறந்துச்சு?" என்று கேட்டார். உன் பெரியப்பா தயங்காமல், "சித்திரையிலங்க" என்றார். அந்த அம்மா சுவரில் மாலை போட்டிருந்த உன் அப்பா, அம்மா படங்களைப் பார்த்தார். காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "போயி சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துவிட்டார்.

ஆவூர் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒனக்குப் புரட்டாசியிலதானேடி பொறந்த நாளு?" என்று கேட்டேன்.

"பெரியப்பா சொன்னது நட்சத்திரம்டி. அவங்க மாசம்னு எடுத்துக்கிட்டாங்க. அந்த மாசத்துல பொறந்த பிள்ளை பெத்தவங்களுக்கு ஆகாதாம்."

அவர்கள் வந்த கார் அப்போதும் வாசலில்தான் நின்றது. ஓடிப்போய்ச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். கிளம்பியவளின் முந்தானையை எட்டிப் பிடித்தாய். "வேணாம்டி. என்னைய வளர்த்தவரை நாலு பேரு முன்னாடி தலைகுனிய வைக்கச் சொல்றியா?" என்றாய். கார் போய்விட்டது. நானாவது கடிதம் எழுதிவிடுவேனோ என்று பயந்து, "மாதா மேல சத்தியம் பண்ணு" என்று வேறு என் வாயைக் கட்டினாய். உன் பெரியப்பாவுக்கு இன்று வரை எதுவும் தெரியாது. அந்த வாத்தியார் அடுத்த தையில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். சித்திரையில் பிறந்தவள் என்று ஊர் சொல்லிச் சொல்லி, இன்று பெரியப்பா பெயரில் பத்திரிகை அடித்த உன் வீட்டு இளையவர்களே நம்பிவிட்டார்கள். என்ன பெரிய மரியாதை அது? அன்றைக்கும் உன்மேல் கோபம்தான், இன்றைக்கும் கோபம்தான்.

அடுத்த ஆனியில், பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடியில் நின்று தெற்கு வானத்தில் உன் நட்சத்திரத்தை நீ காட்டினாய். நான் விஞ்ஞானப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். அது ஒன்றல்ல, இரண்டு. இரண்டுமே நம் சூரியனைவிடப் பல மடங்கு பெரியவை. நெருங்கிச் சுற்றுவதால் நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. நீ வாய்விட்டுச் சிரித்தாய்.

"அடிப்பாவி, அதுவே ஜோடியாத்தான் இருக்கா? அப்ப நான் மட்டுந்தான் ஒத்தையா?"

நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். கீழே வந்து நீ முகம் கழுவ வெகுநேரம் ஆனது.

கருமாதிக்கு வருகிறேன். உன் பெரியப்பா முன்னால், கூடியிருக்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி, நீ பிறந்தது புரட்டாசியில் என்று சொல்லப்போகிறேன். மாதா என்னை மன்னிப்பாள். அன்று நீ பிடித்த பிடி இன்னும் என் தோளில் இழுக்கிறது. முடிந்தால் இப்போது வந்து என் முந்தானையைப் பிடியடி.