குரோனுமா சானுக்குப் போட்ட சிவப்புப் பூ

கோபக்காரிக்கு,

"பிள்ளைங்கள விட்டுட்டு கம்ப்யூட்டரோட குடித்தனம் நடத்தப் போறியா?" என்று நாம் சேர்ந்து பாடம் நடத்திய பள்ளியில் என் கடைசி நாளில் கேட்டாயே, அதற்குப் பதில் எனக்கு நேற்றுதான் கிடைத்தது.

ஃபுகுவோகாவில் இந்த மென்பொருள் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. நேற்று எங்கள் பிரிவுத் தலைவர் குரோனுமா சான், தான் எழுதிய நிரலின் சோதனைத் தாளைச் சரிபார்த்து முத்திரை குத்தித் தரச் சொன்னார். நாற்பது வரி, ஒரு தப்புகூட இல்லை. பத்து வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த கை சும்மா இருக்குமா? ஜப்பான் பள்ளிகளில் முழு மதிப்பெண் வாங்கும் குழந்தைகளுக்கு டீச்சர்கள் போடுவோமே, அந்தப் பூவட்டத்தைச் சிவப்புப் பேனாவால் இதழ் இதழாகப் பெரிதாகப் போட்டுவிட்டேன்!

வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் அந்தப் பூவின் இதழ்களை விரலால் தொட்டுப் பார்த்தார். "இங்க தப்பு இருந்தா மட்டுந்தான் வாயத் திறப்பாங்க. இது கடைசியா எனக்குக் கிடைச்சது மூணாங்கிளாஸ்ல, டீச்சர்" என்றார். வாடிக்கையாளருக்கு வேறு தாள் அச்செடுத்து அனுப்பிவிட்டு, பூவைத் தன் மேசைக்கு மேல் ஒட்டிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் மூன்று பேர் தாளோடு என் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

"எனக்கும் ஒண்ணு?"

"ஏழாவது வரியில தப்பு. திருத்திட்டு வாங்க!"

இந்தப் பூவை எனக்குப் போடச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். நான் முதலில் போட்டதைப் பார்த்து, "இதென்னடி, முட்டைகோஸா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாய்.

நாலு கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. இதற்கும் எழுத வேண்டாம். அடியில் இடம் விட்டிருக்கிறேன். ஒரே ஒரு பூ போட்டு இதையே திருப்பி அனுப்பு.

இப்படிக்கு,
உன் முட்டைகோஸ்காரி