கட்டிக்குள் உடைந்த கைப்பிடி

அன்புள்ள குட்டி,

கல்யாணத்தைத் தள்ளிப் போட்டதற்கு வேலைதான் காரணம் என்று நீ சொன்னது பொய். இங்கே நானும் அப்பாவும் நலம், நீயும் நலமா என்று கேட்கத்தான் நினைத்தேன், கேட்டால் அதற்கும் ஒரு பொய் வரும் என்று விட்டுவிட்டேன். நீ கட்டிக்கொள்ளப் போகும் அந்தப் பையன் நேற்று எனக்குப் போன் செய்தான். தையல் போட்ட இடம் ஆறிவிட்டதா, சாப்பாடு இறங்குகிறதா என்றெல்லாம் பதவிசாக விசாரித்துவிட்டுக் கடைசியில், நான் என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் அவகிட்ட கேட்டுச் சொல்லுங்கம்மா என்றான். அழுதானோ சளி பிடித்திருந்ததோ தெரியவில்லை. எனக்குச் சந்தேகம் வந்து உன் அத்தையைப் பிடித்து உலுக்கினேன். நல்லதுக்குத்தான் அண்ணி குட்டிகிட்ட சொன்னேன், உங்கம்மாவுக்கு வந்தது மரபணுக் கோளாறாம், நீயும் பாத்து இருந்துக்கோன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான் என்று கக்கிவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தை இங்கே ஆடிய கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆபரேஷனில் கர்ப்பப்பையோடு எடுத்த புற்றுநோய்க் கட்டியைச் சோதித்துவிட்டு, அதில் ஒரு மரபணு பழுதாகியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். மரபணு என்றால் மரபு, மரபு என்றால் பரம்பரை என்று நம் ஆட்கள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். டாக்டரம்மா அடுத்த வார்த்தைக்கு வாயெடுப்பதற்குள் அத்தை, எங்க வம்சத்துல இதெல்லாம் கிடையாதுப்பா என்று கை கழுவினாள். என் தம்பி, உன் மாமா விடுவானா, உங்க வம்சத்துல வியாதி வர்ற வரைக்கும் எவன் இருந்தான், எல்லாரும் சண்டை போட்டுல்ல செத்தான் என்று எகிறினான். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பக்கத்துச் செத்தவர்களையும் எழுப்பி வைத்து விசாரணை நடந்தது. உன் அப்பா இரண்டு பேருக்கும் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டார், வழக்கம்போல. எனக்குத் தையல் விண்விண்ணென்று வலித்தாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த தடவை யாரையும் கூட்டிக்கொள்ளாமல் போய் டாக்டரம்மாவிடம் பொறுமையாகக் கேட்டேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நம் ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான நூல் சின்னச் சின்ன உருளைகளில் சுற்றிக் கிடக்கிறதாம். எந்த இடத்தில் நூலைத் தளர்த்த வேண்டும், எங்கே இறுக்கி வைக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் கூட்டத்தில் ஓர் ஆள்தான் என் கட்டிக்குள் பழுதான மரபணு. நிறையப் பேருடைய புற்றுநோயில் இந்தக் கூட்டத்து ஆள்தான் யாராவது கெட்டுப்போயிருப்பானாம். தலையாட்டிவிட்டு வந்தேன். மறுபடி வேலைக்குப் போன அன்றுதான் மண்டையில் ஏறியது. எங்கள் ஆபீஸ் ஆவண அறையில் அலமாரிகள் தண்டவாளத்தில் ஓடும், கைப்பிடியைச் சுற்றினால்தான் விலகி உள்ளே போக வழிவிடும். அதில் ஒன்றின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. உள்ளே கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன, ஒரு தாள்கூடக் கிழியவில்லை, ஆனால் எடுக்க வழியில்லை. என் கட்டியிலும் அதே கதை. போதும், பெருகாதே என்று சொல்லும் கோப்பு உள்ளே இருந்தது. எடுத்து நீட்ட ஆளில்லை.

இப்போது காதைத் தீட்டிக்கொண்டு கேள். என் இரத்தத்தையும் சேர்த்தே சோதித்திருக்கிறார்கள், அதில் அந்தப் பழுது இல்லை. நான் பிறக்கும்போது கொண்டுவந்தது அல்ல, கட்டியில் மட்டும் நடுவில் எப்போதோ உடைந்தது. உனக்கு அதை நான் கொடுக்கவே முடியாது. என் ஆபீஸ் கைப்பிடி உடைந்தால் உன் ஆபீஸ் அலமாரியா நின்றுவிடும்? கட்டி முழுசாக வந்துவிட்டது, இனி அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்கிறார் டாக்டரம்மா. என் பக்கத்துக் கட்டிலில் கிடந்த சமையற்காரப் பெண்ணுக்கு இந்தச் சோதனையே செய்யவில்லை, கேட்டதற்கு அவளுடைய காப்பீட்டு அட்டையில் அது வராது என்றார்கள். அவள் கட்டிக்கு மட்டும் மரியாதை கிடையாதா என்று கத்திவிட்டு வந்திருக்கிறேன், மறுபடியும் கத்துவேன்.

பரம்பரையாகவே வந்திருந்தாலும் இப்படிக் கல்யாணத்தைத் தள்ளிப் போட உன்னை விட்டிருக்க மாட்டேன். பெண்ணின் கர்ப்பப்பைக்கு மட்டும் ஜாதகம் பார்க்கிறார்கள், பையனின் தாத்தா எதில் செத்தார் என்று எவனும் கேட்பதில்லை. அந்த அசிங்கத்தை ஊரார் செய்வதற்கு முன்னால் நீயே உனக்குச் செய்துகொண்டாய். அவன் வேண்டாமென்று சொல்லியிருந்தால் அது வேறு. சொல்ல அவனுக்கு நீ வாய்ப்பே தரவில்லையே.

நன்றாக இரு, நினைத்தது எல்லாம் கைகூடட்டும். வேளைக்குச் சாப்பிடு. உதிரப்போக்கு வழக்கத்துக்கு மாறாக இருந்தால் கூகுளிடம் போகாமல் டாக்டரிடம் போ. அத்தையிடம் சண்டை போடாதே, எனக்கு ஒன்றென்றதும் முதலில் ஓடி வந்தவள் அவள்தான். அந்தப் பையனிடம் இன்றே பேசு. எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும், வீடியோவில் சிரித்து மழுப்பாமல் எழுதி அனுப்பு. நீ பயந்தது அம்மா செத்துவிடுவாள் என்றா, அம்மாவைப் போல ஆகிவிடுவோம் என்றா? சொல்.

உன் அம்மா